ஊர்ப் பள்ளியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள், யாரை நம்பிப் பிள்ளையைச் சேர்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அங்கேயே சேர்க்கலாம் என்று நானும் கணவரும் நினைத்தோம். அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களிடம் விசாரித்ததில் குழப்பம்தான் மிச்சம். ஒரு அக்கா, “அந்த டீச்சர் தங்கம், என் பொண்ணு ரெண்டாவதுலயே பேப்பர் படிச்சிச்சு” என்கிறார். இன்னொருவரின் மகன் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தாவது வரை அங்கேயே படித்தானாம், இன்னும் தமிழையே தடுமாறித்தான் வாசிக்கிறான் என்று கண் கலங்குகிறார். எதிர்வீட்டில், “டீச்சருங்க பாதி நாள் வர்றதே இல்ல, பிள்ளைங்களக் கூட்டிப் பெருக்க விடுறாங்க” என்கிறார்கள். மாமியார், “கண்ட பிள்ளைங்களோட நம்ம பிள்ளையா?” என்கிறார். மாமனார் டவுனில் உள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்கிறார். பீசும் வேனும் சேர்த்து வருடத்துக்கு 40,000 ரூபாய். கடன் வாங்கித்தான் கட்ட முடியும். நான் யார் பேச்சைக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் பேசிய பெற்றோர் யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே பள்ளியைப் பற்றி இப்படி நேரெதிராகப் பேசுவது சர்வ சாதாரணம். ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்கு, ஒரு குறிப்பிட்ட வருடத்தில், ஒரு குறிப்பிட்ட ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்கிறார்கள். கேட்கிற நாம்தான் அதைப் பள்ளியின் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். பெரிய பள்ளியிலாவது ஓரளவு பொருந்தும். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் மாறினாலே பாதிப் பள்ளி மாறிவிட்டது. அதனால் இனி யார் என்ன சொன்னாலும் உடனே திருப்பிக் கேளுங்கள்: எந்த வகுப்பில், எந்த வருடம், அப்போது வகுப்பெடுத்தது யார்? இதற்குப் பதில் வராத பேச்சு ஊர்ப்பேச்சு, அதை விட்டுவிடலாம்.

2020இல் சேர்ந்த அந்தப் பையனை எடுத்துக்கொள்வோம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அவன் ஒன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டில் இருந்தான். இரண்டாம் வகுப்பிலும் பாதி போய்விட்டது. எழுத்து கூட்டிப் படிக்கப் பழகும் காலமே அதுதான். அடித்தளம் விழாமல் மூன்றாவதுக்கு வந்த பிள்ளையை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், அந்தப் பள்ளி அதைச் செய்யவில்லை என்று தெரிகிறது. அது குறைதான். ஆனாலும் இந்த ஜூனில் சேரப்போகும் உங்கள் மகளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பையனின் கதை சாட்சியாகாது. அவன் அம்மாவைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அழுது விட்டுவிட வேண்டாம், இப்போது படிக்கும் பள்ளியில் தமிழாசிரியரைப் போய்ப் பார்க்கட்டும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக ‘திறன்’ என்ற திட்டம் 2025இல் வந்திருக்கிறது. அதில் தன் மகனைச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்கட்டும். அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

தங்கமான டீச்சர் விஷயத்திலும் அதே கேள்விதான். அவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா? பொது மாறுதல் கலந்தாய்வில் போயிருக்கலாம், பதவி உயர்வில் போயிருக்கலாம். இருக்கிறார் என்றால் எந்த வகுப்புகளைப் பார்க்கிறார்? அவர் நான்காவது, ஐந்தாவதுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தால் முதல் மூன்று வருடம் உங்கள் மகள் அடுத்தவரிடம்தான் படிக்கப் போகிறாள். அந்த அடுத்தவர் யார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

“பாதி நாள் வர்றதே இல்ல” என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றை உட்கார வைத்துப் பாடம் நடத்துவார், மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்ப்பார். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர் என்பதால் பதிவேடு, கூட்டம், சத்துணவுக் கணக்கு எல்லாம் அவர் தலையில். வட்டார வள மையத்தில் பயிற்சி, தேர்தல் வேலை, உடம்புக்கு முடியாத விடுப்பு என்று ஒருவர் போய்விட்டால் 43 பிள்ளைகளும் ஒரே ஆளிடம். அன்றைக்கு அந்த வழியாகப் போகிறவர்களுக்குப் பள்ளிக்கூடமே இரைச்சலாகத் தெரியும். இது ஆசிரியர் ஓபி அடிப்பதல்ல, ஆள் பற்றாக்குறை. பிள்ளைக்கு இரண்டிலும் நஷ்டம்தான், ஆனால் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் வேறு வேறு.

எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பள்ளியில் தினமும் இருக்கிற சமையலரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் பேச்சுவாக்கில் கேளுங்கள். நான்காவது ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளிடம், “நேத்து டீச்சர் என்ன பாடம் நடத்துனாங்க?” என்று கேளுங்கள். பிள்ளைகள் இதில் மழுப்ப மாட்டார்கள். தலைமையாசிரியரிடமே நேராக, “ஒருத்தர் லீவுன்னா அன்னைக்குப் பிள்ளைங்கள எப்படி சார் சமாளிப்பீங்க?” என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களோடு சேர்த்து வாசிக்க வைப்போம், கணக்கு அட்டைகள் இருக்கின்றன, இந்த நேரத்துக்கு இது என்று வைத்திருக்கிறோம் என்று சொன்னால் யோசித்து நடத்துகிற மனிதர். “என்னங்க பண்றது, பார்த்துக்குவோம்” என்று முடித்தால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பெருக்குவதைப் பற்றி நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துத் தங்கள் வகுப்பறையைக் கூட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்தப் பிள்ளைகள் கூட்டுகிறார்கள், எந்த இடத்தை என்று கேளுங்கள். எப்போதும் ஒரே தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் கையில்தான் துடைப்பம் இருக்கிறது, கழிப்பறை கழுவ அவர்களைத்தான் அனுப்புகிறார்கள் என்றால் அது ஒழுங்கு கற்றுக்கொடுப்பதல்ல, தண்டனைக்குரிய குற்றம். உங்கள் மகளை அனுப்பாவிட்டாலும் அதைப் பேச வேண்டியது உங்கள் கடமை. அடிக்கிறார்கள் என்று யாராவது சொன்னாலும் அப்படியே. பிள்ளையை உடலாலும் மனதாலும் துன்புறுத்துவதை அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது, அரசுப் பள்ளி தனியார் பள்ளி இரண்டுக்கும் சேர்த்து.

மாமியார் சொன்னது பள்ளியைப் பற்றியே அல்ல என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் ஒரே வரியோடு விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே படிப்பவர்கள் கண்ட பிள்ளைகள் இல்லை, உங்கள் ஊர்ப் பிள்ளைகள். அவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பது உங்கள் மகளுக்கு நல்லது என்றே நான் நம்புகிறேன். பெரியவரிடம் சண்டை வேண்டாம், ஆனால் இந்த ஒரு காரணத்தை முடிவின் பக்கத்திலேயே வர விடாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, நேரில் போவது. சேர்க்கை விழா நாளில் அல்ல, சாதாரண வேலை நாளில், காலை பத்தரை பதினொரு மணிக்கு. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, “அடுத்த வருஷம் பிள்ளையைச் சேர்க்கணும், ஒரு அரை மணி நேரம் இருந்து பார்க்கலாமா?” என்று சொன்னால் பிள்ளை எண்ணிக்கைக்காகத் தவிக்கிற சிறு பள்ளிகளில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கட்டடத்தையும் பெயின்ட்டையும் பார்த்து மயங்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். மூன்றாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், அடுத்து இன்னொன்று. ஒரு பள்ளியில் ‘பட்டம் வானில் பறந்தது’ என்ற வரியில் பிள்ளை ‘பரந்தது’ என்று எழுதியிருக்கும். அதன் மேலேயே சிவப்பு மையில் ஒரு பெரிய டிக், பக்கத்தின் அடியில் கையெழுத்து, தேதி. அடுத்த பிள்ளையின் நோட்டிலும் அதே வரி, அதே ‘பரந்தது’, அதே டிக். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், திருத்தியவர் படிக்கவில்லை. இதுவே வேறொரு பள்ளியில் நோட்டு அழுக்காக இருக்கும், ஓரம் மடங்கியிருக்கும். ஆனால் ஒரு பிள்ளை பட்டத்தைப் பற்றி எழுதியிருக்கும், இன்னொன்று தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதியிருக்கும். ‘ர’வை வட்டமிட்டு மேலே ‘ற’ போட்டிருப்பார்கள், அடியில் பிள்ளை அந்தச் சொல்லைத் திரும்ப எழுதியிருக்கும். எனக்கு இரண்டாவது பள்ளி போதும்.

பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். நடத்தி முடித்த பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்வார்கள், விரல் முதல் வரியில் இருக்கும், வாய் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையோ, நீங்கள் கொண்டுபோகும் சிறுவர் இதழில் நாலு வரியையோ காட்டுங்கள். இப்போது 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாடம் நடக்கிறது. 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் விரித்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிள்ளைகளைப் பிரித்து, எந்த வகுப்பில் இருந்தாலும் அவரவர் நிலையிலிருந்து கற்றுக்கொடுப்பது அதன் அடிப்படை. ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது கைகொடுக்கும் முறை, உண்மையாகச் செய்தால். அதனால் ஆசிரியரிடம், “மூணாவதுல எத்தனை பேர் மலர், எத்தனை பேர் இன்னும் அரும்பு?” என்று கேளுங்கள். பெயர் சொல்லி, இவனுக்கு இது வரவில்லை, இவளுக்கு ஒற்றெழுத்து தடுமாறுகிறது என்று சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி விடலாம். “எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்க” என்ற பதில் எனக்குப் பயம் தரும்.

கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். பெண் குழந்தை என்பதால் சொல்கிறேன், தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் மதியச் சாப்பாடு வரை இருங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது, மதியம் சத்துணவோடு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இரண்டாவது முறை சோறு கேட்கும் பிள்ளைக்கு எப்படிப் பரிமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பள்ளி பிள்ளைகளை எப்படி மதிக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

மாமனார் சொல்லும் டவுன் பள்ளிக்கும் இதே பரீட்சை வையுங்கள். 40,000 ரூபாய் கேட்கிறார்கள் என்பதால் அங்கே ஒன்றும் கேட்கக் கூடாது என்று இல்லை. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியர் என்ன படித்திருக்கிறார், எத்தனை வருடமாக இருக்கிறார், வேன் காலையில் எத்தனை மணிக்கு ஏற்றிக்கொள்ளும்? 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் பள்ளிகளுக்கும் பத்தாம் வகுப்பு வரை இதே பாடத்திட்டம்தான், மேலே அவர்கள் சேர்த்துக்கொள்ளும் புத்தகங்கள் வேறு. வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லாத ஐந்து வயதுப் பிள்ளையை முழுக்க ஆங்கிலத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதும், பொருள் தெரியாது. முதலில் தமிழில் தடங்கலில்லாமல் வாசிக்கட்டும். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி ஏறும். அரசுப் பள்ளியிலும் ஆங்கிலப் பாடம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. அதை ஆசிரியர் வாய்விட்டுப் பேசி நடத்துகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்க ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தாக வேண்டும் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்க்கிறது. ஆகவே இப்போதைய முடிவில் அந்தக் கணக்கைக் கலக்க வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், ஒன்றாம் வகுப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். வட்டி கட்டும் வீட்டில் அந்தப் பாரம் பிள்ளையின் மார்க் மேல்தான் போய் விழும், “இவ்வளவு கட்டுறோம், நீ என்ன படிக்கிற?” என்று. நேரில் பார்த்ததில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் மேல் உங்களுக்கு நம்பிக்கை வந்தால் ஊர்ப் பள்ளியில் சேருங்கள். பிள்ளையை நடந்து கொண்டுபோய் விட முடியும் என்பதும், ஆசிரியரை வாசலில் நிறுத்திப் பேச முடியும் என்பதும் சிறு பிள்ளைக்குப் பெரிய பலம்.

சேர்த்த பிறகு ஒதுங்கி நிற்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைமைப் பொறுப்பும் பெற்றோர் கையில்தான். பல ஊர்களில் அந்தக் குழு கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. கூட்ட நோட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் உங்கள் ஊரிலும் இருந்தால் அதை நிறுத்துங்கள். கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும், மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று வாயால் சொல்வதைவிடத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுத வைத்தால் அதற்கு ஒரு பின்தொடர்ச்சி இருக்கும், கிராம சபையிலும் கொண்டுபோய் வைக்கலாம். எதிர்வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள், குறை தெரிந்தவர்கள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தேவை.

அரையாண்டு விடுமுறை வருவதற்குள் உங்கள் மகள் ‘படம்’, ‘மரம்’ போன்ற சிறு சொற்களைத் தானே கூட்டி வாசிக்க வேண்டும். வரவில்லையென்றால் ஆசிரியரிடம், “எது வரல, வீட்டுல நான் என்ன செய்யணும்?” என்று அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். சண்டைக்கு வந்த தொனியில் கேட்டால் ஆசிரியர் தற்காப்புக்குப் போய்விடுவார், பிள்ளையைப் பற்றிய பேச்சு நின்றுவிடும். இரவில் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் அவள் வாசிக்க நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பேசிப் பார்த்தும் ஆசிரியர் அசையவில்லை என்றால் தலைமையாசிரியர், அதற்கும் மேல் வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடிப்பது, தவறாக நடப்பது போன்றவற்றுக்கு யாருக்காகவும் காத்திருக்காமல் 1098ஐ அழையுங்கள். ஒரு வருடம் பார்த்தும் திருப்தி இல்லையென்றால் வேறு பள்ளிக்கு மாற்றலாம், மாற்றுச் சான்றிதழ் தராமல் இழுத்தடிக்க யாருக்கும் உரிமை இல்லை.

அரசுப் பள்ளிகளில் சேர்க்கையைச் சமீப வருடங்களில் மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறார்கள், ஜூன் வரை காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, விண்ணப்பித்துவிட்டுப் பிறகு கொடுக்கலாம். பள்ளியைப் பார்க்கப் போகும்போது மாமனாரையும் அழைத்துப் போங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதை அவரும் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்ட பிறகும் டவுன் பள்ளிதான் சரி என்று அவர் சொன்னால், மறுநாளே அங்கேயும் போய் அதே மூன்றாம் வகுப்பை வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டு, மூவருமாக உட்கார்ந்து முடிவெடுங்கள்.